ரூகர் நம்பர் 1-பி, .30-06: வாங்கியதும் சோதிக்க வேண்டியவை, சரிசெய்ய வேண்டியவை

ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் லீவரைக் கீழே இழுத்து, வெற்றுக் கேஸை, அதாவது தோட்டாவின் உலோகக் கூட்டை, வெளியேற்றி, அடுத்ததைக் கையால் உள்ளே தள்ள வேண்டும். இந்த முறை வழக்கொழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த 1967ல் அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் நம்பர் 1 ரைஃபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1872ல் ஸ்காட்லாந்தின் ஜான் ஃபார்க்கர்சன் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இதற்கு முன்னோடி. லீவரை இறக்கினால் பிரீச் பிளாக் என்னும் எஃகுக் கட்டி செங்குத்தாகக் கீழே இறங்கும், ஏற்றினால் மேலே வந்து தோட்டாவின் அடியை அடைத்துக்கொள்ளும். சுத்தியல் உள்ளேயே இருப்பதால் வெளியே துருத்திக்கொண்டு நிற்க எதுவும் இல்லை. சேஃப்டி, ஷாட்கன்களில் இருப்பதுபோல், கட்டைவிரலுக்கு நேராகப் பின்மேட்டில் இருக்கிறது.

இப்போது இது சிறு தொகுப்புகளாகவே வருகிறது. ஒரு மாடலுக்கு ஒரு சமயத்தில் ஒரு தோட்டா அளவு என்ற கணக்கில், பெரும்பாலும் ஒரே மொத்த விநியோகஸ்தர் வழியாகக் கடைக்கு வருகிறது. விலை 2,000 டாலரை ஒட்டி இருக்கும். அந்தப் பணத்தில், தாழ்ப்பாள் போன்ற பிடியைத் திருகித் தோட்டா ஏற்றும் நல்ல போல்ட் ரைஃபிளும் அதன்மேல் நல்ல ஸ்கோப்பும் வாங்கிவிடலாம், அதுவும் முதல் நாளிலேயே இதைவிடத் துல்லியமாகச் சுடும். அதனால் இதை வாங்குபவர் எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். தோட்டாவை ஏற்றி, அடைத்து, சுடும் உறுதியான ஆக்‌ஷன், 26 அங்குலக் குழல் இருந்தும் மொத்த நீளம் ஏறக்குறைய 42 அங்குலமே வரும் கச்சிதம், தோளில் வைத்ததும் தானாகக் குறியில் போய் நிற்கும் சமநிலை, இவற்றுக்கெல்லாம் இணையில்லை. துல்லியம் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்ததும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அதை நாம்தான் வரவழைக்க வேண்டும், அதற்கு வழி உண்டு.

வாங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தமிழ் வாசகர்களில் பலரைத் தொடும் விஷயம் இது. எச்-1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி வரும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் எடுக்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பைப் பல மாநிலங்கள் கேட்கும். விலக்கு கிடைத்தபின் உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும் என்பதால் புதுப்பிக்கும் தேதியை மறக்கக் கூடாது. தோட்டா அளவைத் தேர்வதிலும் மாநிலம் முக்கியம். ஒஹையோவில் மான் வேட்டைக்கு நேர்ச்சுவர் கேஸ் (மேலே கழுத்துக் குறுகாத கூடு) உள்ள ரைஃபிள் தோட்டாக்கள் மட்டுமே செல்லும். அங்கே .30-06 கையில் இருந்தும் பயனில்லை, நம்பர் 1ன் .45-70 வடிவம்தான் உதவும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துவிட்டதால், இந்த மதிப்பீடு அங்கே இருப்பவர்களுக்கு அல்ல.

கடை மேசையில்

முதலில் லீவரை இறக்கி, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு லீவரை நிதானமாக நாலைந்து முறை இறக்கி ஏற்றுங்கள். புதிதில் விறைப்பாக இருப்பது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் உரசி நின்று, பிறகு தாவினால், அது இயல்பு அல்ல. முழுவதும் ஏற்றிய நிலையில் லீவர் அதன் பிடிப்பில் சொடக்கென்று உட்கார வேண்டும். கையால் லேசாக இழுத்தாலே இறங்கிவிடும் லீவர், சுடும் அதிர்ச்சியிலும் இறங்கக்கூடும்.

சுத்தியல் வெளியே தெரியாததால் துப்பாக்கி மீட்டப்பட்டிருக்கிறதா, அதாவது சுத்தியல் சுடத் தயாராகப் பின்னே இழுபட்டு நிற்கிறதா என்று பார்வையில் சொல்ல முடியாது. சேஃப்டியைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். மீட்டப்பட்டிருந்தால்தான் அது பின்னுக்கு வரும். கடைக்காரர் அனுமதித்தால், விரலால் இழுத்துச் சுடும் விசையின் எடையை அளவுகோலால் பத்து முறை இழுத்துச் சராசரி எடுங்கள். சராசரியைவிட ஏற்ற இறக்கம்தான் நிறையச் சொல்லும். நான்கு பவுண்டுக்கு ஒரே சீராக விடும் விசையோடு பழகிக்கொள்ளலாம். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் அலையும் விசையோடு பழக முடியாது.

குழலுக்கு அடியில் கையால் தாங்கிப் பிடிக்கும் மரமான முன்கட்டையைக் குழலோடு சேர்த்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். விளக்குக்கு நேரே பிடித்து இரு பக்கமும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் மரம் குழலை இறுக்கமாகத் தொட்டும், மறு பக்கம் வெளிச்சம் தெரியும்படியும் இருந்தால் அந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கடையில் ஒன்றுதான் இருக்கிறது என்றால், சரிசெய்யும் வேலை காத்திருக்கிறது என்று தெரிந்தே வாங்குங்கள். தோளில் பதியும் பின்கட்டை, இயங்கும் பாகங்களைத் தாங்கும் எஃகு உடலான ரிசீவரோடு சேரும் இடத்தில், பின்மேட்டுக்கு நேர் பின்னால், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்கட்டையை ரிசீவரோடு பிணைப்பது உள்ளே ஓடும் ஒரு நீண்ட போல்ட். அது தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு மரத்தில் மோதும், பிறகு மரம் பிளக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பின்கட்டையின் முடிவில் உள்ள ரப்பர் பட்டையைக் கழற்றி அந்த போல்ட்டை இறுக்குங்கள். கப்பலில், லாரியில், கடை அலமாரியில் இருந்து வரும் மரம் ஈரத்தை விட்டுச் சுருங்கியிருக்கும். புதிய துப்பாக்கியிலும் இந்த போல்ட் கால் சுற்று இறங்குவது சகஜம்.

ஸ்கோப்: இடம் போதாமை

குழலின் பின்பகுதியில் குவார்ட்டர் ரிப் என்று ஒரு பட்டை திருகப்பட்டிருக்கும். ஸ்கோப் வளையங்கள் நேராக அதிலேயே உட்காரும், தனி பேஸ் தேவையில்லை. வலுவான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பட்டை ரிசீவருக்கு முன்னால் இருக்கிறது. ஸ்கோப்பைப் பின்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினாலும் பலருக்குக் கண் எட்டாது. தலையை முன்னால் நீட்டிச் சுடும் நிலை வரும். அப்படிச் சுட்டால் கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் படும், குறியும் மாறும். கண் தூரம் நான்கு அங்குலத்தை ஒட்டியும், முன் லென்சிலிருந்து சரிப்படுத்தும் குமிழ் வரை குழாய் நீளமாகவும் உள்ள ஸ்கோப்பைத் தேர்ந்தெடுங்கள். குட்டையான நவீன ஸ்கோப்கள் இதற்கு ஒத்துவராது. பின்னோக்கி வளைந்த வளையங்கள் கிடைக்கின்றன, அவை அரை அங்குலத்துக்கு மேல் மீட்டுத் தரும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் தெரிந்தால் சரி. கறுப்பு வளையம் தெரிந்தால் ஸ்கோப்பை மாற்றுங்கள். கழுத்தை நீட்டிப் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

வளையத்தைப் பூட்டும்போது அதை ரிப்பின் பள்ளத்தில் முன்னோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் வரும், ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதாவது ரைஃபிளின் கணக்கில் அது முன்னே நகரும். முதலிலேயே முன்னே முட்டி நின்றால் நகர இடமில்லை. வளையத்தின் மேல்மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு இறுக்கம் பொதுவாகப் போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாயில் பள்ளம் விழும்.

ஸ்கோப்பைப் பூட்டும் முன் ரிப்பைப் பிடித்திருக்கும் திருகுகளைச் சோதியுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. ரிப் தளர்ந்திருந்தால் ஸ்கோப்பும் வளையமும் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் குண்டுகள் இரண்டு கூட்டமாக விழும், காரணம் பிடிபடாது. திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு மட்டும் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். கழற்றும்போது ரிப் ஒரு பக்கம் தானாகத் துள்ளி எழுந்தால் அது குழலை வளைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இது அரிது. நேர்ந்தால் துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்துவதுதான் வழி.

முதல் சோதனை

சுடுதளத்துக்கு நான்கு பெட்டி, அதாவது 80 தோட்டாக்கள், கொண்டுபோங்கள். 150, 165, 180 கிரெய்ன் எடைகளில் மூன்று வகை இருக்கட்டும். எதையும் மாற்றாமல், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே முதல் நாள் சுட வேண்டும். எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது தாளில் பதிவாகாவிட்டால், பிறகு செய்யும் மாற்றம் உதவியதா என்று சொல்ல முடியாது.

குழலைத் துடைத்துவிட்டு முதல் இரண்டு குண்டுகளை எண்ணிக்கையில் சேர்க்காமல் சுடுங்கள். சுத்தமான குழலில் முதல் குண்டு வேறு இடத்தில் விழும். அதன்பின் ஒரே தோட்டாவில் மூன்று மூன்றாக மூன்று குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம்), ஒவ்வொன்றுக்கும் இடையில் குழல் கையில் பிடிக்கும் சூட்டுக்கு ஆறும் வரை காத்திருங்கள், கோடையில் பத்து நிமிடமாவது ஆகும். மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒன்பது துளைகளாகப் பாருங்கள். மூன்று குண்டு குரூப் ஒன்று சின்னதாக வந்ததை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது, அதிர்ஷ்டத்தில் அப்படி வருவது மிகச் சாதாரணம்.

அடுத்து ஒரு பத்துக் குண்டு வரிசை, நிமிடத்துக்கு ஒன்று, ஆறவிடாமல். குழல் சூடேறும்போது துளைகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று பார்க்கத்தான் இது. நேர் மேலே ஏறிக்கொண்டே போனால் காரணம் முன்கட்டையிலோ அதைத் தாங்கும் எஃகுத் தண்டான ஹேங்கரிலோ இருக்கிறது. பக்கவாட்டில் நகர்ந்தால் மரம் ஒரு பக்கம் மட்டும் குழலைத் தள்ளுகிறது. இரண்டு தனிக் கூட்டமாகப் பிரிந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது: ரிப், வளையம், பின்கட்டை போல்ட், ஸ்கோப்பின் உள்பாகம், இந்த வரிசையில் தேடுங்கள். எந்தத் திசையும் இல்லாமல் சிதறினால் தோட்டாவையும் சுடுபவரையும் சந்தேகிக்கலாம்.

கடைசியாக, மணல் பையின் இடத்தை மாற்றிச் சுட்டுப் பாருங்கள். முன்கட்டையின் ரிசீவர் பக்கத்தில் வைத்து மூன்று, முன்கட்டையின் நுனியில் வைத்து மூன்று. நல்ல போல்ட் ரைஃபிளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். நம்பர் 1ல் இரண்டு அங்குல வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். காட்டில் ஒரு கிளையிலோ முதுகுப்பையிலோ முன்கட்டையைச் சாய்த்துச் சுடும்போது இந்த வித்தியாசம் அப்படியே வரும். குரூப் அளவைவிட வேட்டைக்காரருக்கு இதுதான் முக்கியமான எண் என்பது என் கருத்து.

சரிசெய்யாத நம்பர் 1 நூறு கெஜத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டரை அங்குலத்துக்குள் சுட்டால் அது சராசரி. சரிசெய்தபின் ஒன்று, ஒன்றேகால் அங்குலம் எதிர்பார்க்கலாம். அதற்குக் கீழே வருவது உண்டு, ஆனால் அதை எதிர்பார்த்து வாங்கக் கூடாது.

ஹேங்கர் ஏன் தொல்லை தருகிறது

போல்ட் ரைஃபிளில் கட்டை ஒரே துண்டு. இதில் மரம் இரண்டு துண்டு. முன்கட்டை தாங்கி நிற்பது ரிசீவரின் முன்முகத்திலிருந்து குழலுக்கு அடியில் நீளும் ஒரு எஃகுத் தண்டில். அதைத்தான் ஹேங்கர் என்கிறார்கள். முன்கட்டைத் திருகு சாய்வாக ஏறி இந்தத் தண்டில் பூட்டுகிறது, இறுக்க இறுக்க முன்கட்டை பின்னோக்கி ரிசீவரின்மேல் அழுந்தும், மேல்நோக்கிக் குழலின்மேலும் அழுந்தும். சுத்தியலை இயக்கும் முதன்மை ஸ்பிரிங்கும், வெற்றுக் கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங்கும் இதே தண்டை ஒட்டித்தான் வேலை செய்கின்றன. விசை விட்டதும் சுத்தியல் பாயும்போது அந்த ஸ்பிரிங்கின் அழுத்தம் சட்டென்று மாறும், தண்டு அதிரும். தண்டோடு சேர்ந்து முன்கட்டையும், முன்கட்டையோடு சேர்ந்து குழலும் அசையும். குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே இது நடந்துவிடுகிறது. இதன்மேல் மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இன்று சரியாகச் சுட்ட துப்பாக்கி, மழை பெய்த அடுத்த வாரம் வேறு இடத்தில் சுடுவதற்குக் காரணம் இதுதான். குழலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தீர்வுகள் பல உண்டு. எளியதிலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பின் அதே சோதனையைத் திரும்பச் சுட வேண்டும்.

முதலாவதாக முன்கட்டைத் திருகின் இறுக்கம். அங்குல-பவுண்டு காட்டும் திருப்புளி ஒன்று வாங்குங்கள். 20ல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டி ஒவ்வொரு நிலையிலும் ஒரு குரூப் சுடுங்கள். சில துப்பாக்கிகள் இதிலேயே திருந்திவிடும். எந்த எண் நன்றாக வந்ததோ அதைக் குறித்துவைத்து, சுத்தம் செய்யக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதே எண்ணுக்கு இறுக்குங்கள். கை அளவில் இறுக்கினால் குறி மாறுவது உறுதி.

அடுத்து, குழலைத் தொடும் மரத்தை அகற்றுவது. ஒரு டாலர் தாளை இரண்டாக மடித்து முன்கட்டைக்கும் குழலுக்கும் இடையே நுனியிலிருந்து ரிசீவர் வரை ஓட்டுங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே பென்சிலால் குறித்து, ஒரு மரக்குச்சியில் சுற்றிய 120 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். அவசரமாகத் தேய்த்தால் ஒரு பக்கம் பள்ளமாகி, வெளியிலிருந்து பார்க்கவே அசிங்கமாகிவிடும். தேய்த்த மரத்தை அப்படியே விடக் கூடாது. மெல்லிய வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்து ஈரத்தை அடையுங்கள். முன்கட்டை ரிசீவரோடு சேரும் பின்முகத்தை மட்டும் தேய்க்காதீர்கள். அங்கே முழுப் பரப்பும் சமமாக அழுந்தியிருக்க வேண்டும். புகைக்கரியைத் தடவிப் பூட்டிக் கழற்றினால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு மூலையில் மட்டும் கறை பட்டிருந்தால் எபாக்சி பெட்டிங், அதாவது எபாக்சியை நிரப்பி மரத்தை இரும்போடு சமமாகப் பொருத்துவது, தேவை. அப்படிச் செய்யும்போது ஹேங்கரையும் ஸ்பிரிங்குகளையும் களிமண்ணால் மூடி, எல்லா இரும்பிலும் ஒட்டாப் பூச்சு தடவிவிட வேண்டும். ஸ்பிரிங்குக்குள் எபாக்சி போய் இறுகினால் துப்பாக்கியைக் கழற்றுவதே பெரும்பாடு.

மரத்தை விடுவித்ததும் சில துப்பாக்கிகளில் குரூப் இன்னும் மோசமாகும். பயப்பட வேண்டாம். குழலுக்கு இதுவரை கிடைத்த ஒழுங்கற்ற தாங்கல் போய்விட்டது, இனி ஒழுங்கான தாங்கல் ஒன்று தர வேண்டும். ஹேங்கரின் நுனிக்கும் குழலுக்கும் இடையே தடித்த ரப்பர் அல்லது தோல் துண்டு ஒன்றை இறுக்கமாகச் செருகிப் பூட்டிச் சுட்டுப் பாருங்கள். தண்டும் குழலும் ஒன்றையொன்று மிதமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது அதிர்வு ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரி இருக்கும். நிரந்தரமான எந்த வேலைக்கும் போகும் முன் இந்தச் செலவில்லாத சோதனையைச் செய்தே ஆக வேண்டும். செங்குத்தாக ஏறிய துளைகள் இதில் கூடி வந்தால் பிரச்சினை எங்கே என்று உறுதியாகிவிட்டது.

அதன்பின் இரண்டு வழி. ஒன்று, ஹிக்ஸ் அக்யுரைசர் என்று விற்கும் பாகம். துப்பாக்கியில் துளை போடாமல் ஹேங்கரின் நுனியில் பொருத்தி, குழலின்மேல் அழுத்தத்தைத் திருகு வழியே கூட்டிக் குறைக்கலாம். மற்றொன்று, ஹேங்கரின் நுனியில் துளை போட்டு மறை வெட்டி, ஒரு சிறு திருகை அடியிலிருந்து குழலைத் தொடும்படி ஏற்றுவது. 8-32 மறை என்றால் 29ஆம் எண் துளைப்பான். துளையிடும்போது தண்டுக்கும் குழலுக்கும் இடையே பித்தளைத் தகடு வைக்காவிட்டால் துளைப்பான் குழலைக் கீறும். திருகின் முனை நைலானாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும், எஃகு முனை குழலில் தழும்பு விடும். முன்கட்டையில் அதற்கு நேராக ஒரு துளை விட்டால் மரத்தைக் கழற்றாமலே திருகைச் சரிப்படுத்தலாம். தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் தொடங்கி, கால் சுற்றுக்கு ஒரு குரூப். பெரும்பாலும் ஒரு சுற்றுக்குள் நல்ல இடம் வந்துவிடும். கடந்து போனால் குரூப் திரும்பவும் விரியத் தொடங்கும், அப்போது திரும்பி வந்து அங்கேயே நிறுத்துங்கள். துளை போட்ட துப்பாக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, சேகரிப்பவர்களிடம் விலையும் இறங்கும். பழைய, அபூர்வமான நம்பர் 1களில் முதல் வழியே நல்லது.

வேறு மாடல்களுக்கும் இதே வேலைதான், ஒரு வேறுபாட்டோடு. 1-ஏ, 1-எஸ், 1-எச் மாடல்களில் தோள்வார் மாட்டும் வளையம் குழலிலேயே இருக்கிறது. வாரைக் கையில் சுற்றி இறுக்கிச் சுட்டால் குழல் வளைந்து குறி கீழிறங்கும். மேசையில் வார் இல்லாமல் பூஜ்யம் வைத்துவிட்டு, அதாவது குண்டு குறியில் விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு, காட்டில் வாரை இறுக்கிச் சுடக் கூடாது. குழல்வாய் வரை மரம் ஓடும் 1-ஆர்எஸ்ஐ பார்வைக்கு எல்லாவற்றிலும் அழகானது, திருத்துவதற்கு எல்லாவற்றிலும் கடினமானது. துல்லியம்தான் முதல் தேவை என்பவர் அதைத் தவிர்க்கலாம்.

விசை

நம்பர் 1ன் விசையில் உள்ள சரிப்படுத்தும் திருகுகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன, எனவே உங்கள் துப்பாக்கியோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் எதையும் திருப்ப வேண்டாம். எடையைக் குறைக்கலாம், விட்டபின் விசை ஓடும் தூரத்தைக் குறைக்கலாம். சுத்தியலைப் பிடித்து நிற்கும் பல்லின் ஆழத்தை மட்டும் வீட்டில் தொடக் கூடாது. அது குறைந்தால் விசை மென்மையாகத்தான் தோன்றும், ஆனால் லீவரை வேகமாக ஏற்றும்போதோ துப்பாக்கி கீழே விழும்போதோ தானாக வெடிக்கும். வேட்டைக்கு மூன்று பவுண்டுக்குக் கீழே போக வேண்டிய அவசியம் இல்லை. நவம்பர் குளிரில் கையுறையோடு இரண்டு பவுண்டு விசையைத் தொடுவது ஆபத்து.

என்ன மாற்றம் செய்தாலும் காலித் துப்பாக்கியில் மூன்று சோதனை. லீவரைப் பத்து முறை பலமாக ஏற்றி, சுத்தியல் நிற்கிறதா என்று பாருங்கள். மீட்டியபின் பின்கட்டையின் ரப்பர் பட்டையைத் தடித்த விரிப்பின்மேல் ஓரடி உயரத்திலிருந்து தட்டுங்கள். சேஃப்டியைப் போட்டு விசையை நன்றாக இழுத்துவிட்டு, விரலை எடுத்தபின் சேஃப்டியை விடுங்கள், அப்போது சுத்தியல் விழக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் துப்பாக்கி நேராகப் பட்டறைக்குப் போக வேண்டும்.

தோட்டாவும் எஜெக்டரும்

.30-06ன் கணக்கு தெளிவானது. 150 கிரெய்ன் குண்டுக்குப் பெட்டியில் 2,910 அடி/நொடி, 180க்கு 2,700 என்று போட்டிருக்கும். அது 24 அங்குலக் குழலின் அளவு, இந்த 26 அங்குலக் குழலில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். 180 கிரெய்ன் குண்டை நூறு கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்தால் இருநூறில் குறியில் விழும், முந்நூறில் எட்டு ஒன்பது அங்குலம் இறங்கும். மான் வேட்டைக்கு அதற்கு மேல் கணக்கு தேவைப்படாது.

தாமே தோட்டா நிரப்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போல்ட் ஆக்‌ஷன் இறுக்கமான தோட்டாவையும் திருகித் தள்ளி உள்ளே ஏற்றிவிடும், சுட்டபின் ஒட்டிக்கொண்ட கேஸையும் திருகிப் பெயர்த்துவிடும். விழும் பிளாக்குக்கு இரண்டு வலுவும் குறைவு. அச்சில் அழுத்திக் கழுத்தை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்த கேஸ், இரண்டு மூன்று முறை நிரப்பியபின், பிளாக்கை மேலே ஏறவிடாது. ஒவ்வொரு முறையும் முழு நீளமும் அளவாக்கி, வேட்டைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு தோட்டாவையும் முன்கூட்டியே சுடுதளத்தில், குழல்வாய் மண்மேட்டை நோக்கியிருக்க, ஏற்றிப் பாருங்கள். அழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனால் எஜெக்டர் கேஸை இழுக்க முடியாமல் திணறும். அது ஆக்‌ஷனின் பலவீனம் என்று நினைத்து லீவரை உதைக்க வேண்டாம், அளவைக் குறையுங்கள். மேகசின் இல்லாததால் குண்டை நீட்டி வைத்து, குழலின் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்துக்கு அருகில் கொண்டுபோகலாம் என்பது நிரப்புபவர்களுக்கு இந்தத் துப்பாக்கி தரும் பெரிய வசதி. நீட்டியபின் கேஸின் கழுத்து குண்டைப் போதுமான அளவு பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிரப்பிய தோட்டாவை வெடிக்காமல் வெளியே எடுக்கும்போது குண்டு குழலில் மாட்டிக்கொண்டு, வெடிமருந்து முழுவதும் ஆக்‌ஷனுக்குள் கொட்டினால் அன்றைய வேட்டை அதோடு சரி.

எஜெக்டர் வெற்றுக் கேஸைப் பல அடி தூரம் எறியும். நிரப்புபவர்களுக்கு இது தொல்லை. எஜெக்டர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் கேஸ் கால்வாசி வெளியே வந்து நிற்கும், விரலால் எடுத்துக்கொள்ளலாம். வேட்டைக்கு இரண்டாவது குண்டு விரைவாக வேண்டும் என்பவர்கள் அப்படியே விடலாம். பழகிய கை ஐந்து விநாடிக்குள் மறுபடி ஏற்றிவிடும். அடுத்த தோட்டாவைப் பின்கட்டையில் மாட்டிய தோல் பட்டையில் வையுங்கள், சட்டைப்பையில் வைத்தால் துழாவ வேண்டிவரும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி முப்பது விநாடியாவது காத்திருந்து பிறகு திறங்கள். மொன்டானா, வயோமிங் குளிரில் தோட்டாவின் அடியிலுள்ள தீக்கூட்டில் (பிரைமர்) அடி லேசாக விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்பிரிங்கில் கெட்டிப்பட்ட கிரீஸ். குளிர்கால வேட்டைக்கு முன் பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, மிக மெல்லிய எண்ணெய் பூசுங்கள்.

குழலைத் துடைக்க பிரீச் பக்கத்திலிருந்து இழுக்கும் கயிற்றுத் துடைப்பான் வசதி. தடியை குழல்வாயிலிருந்து விட்டால் கட்டாயம் வழிகாட்டிக் குப்பியோடு விடுங்கள், குழல்வாயின் விளிம்பு தேய்ந்தால் இத்தனை வேலையும் வீண். துடைக்கும்போது குழல்வாய் கீழே சாய்ந்திருக்கட்டும். கரைப்பான் பின்னோக்கி வழிந்தால் பிளாக்கின் உள்ளே போய்ச் சுத்தியலையும் விசையையும் பிசுபிசுப்பாக்கும். வேட்டைக் காலம் முடிந்ததும் முன்கட்டையைக் கழற்றி, ஹேங்கரில் துரு உள்ளதா என்று பார்த்து, குறித்துவைத்த அதே அங்குல-பவுண்டுக்கு இறுக்கிப் பூட்டுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முன் மூன்று குண்டு சுட்டுப் பூஜ்யத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.